மேலதிகாரி சொன்னபடி பதில் மனு எழுதலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஒரு அரசு நிறுவனத்தின் சட்டப் பிரிவில் முழுநேர சட்ட அதிகாரி. நிலம் எடுப்பதை எதிர்த்து ஒருவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டிருக்கிறார். அவர் கெடுவுக்குள் ஆட்சேபணை கொடுத்ததற்கான அத்தாட்சி எங்கள் கோப்பிலேயே இருக்கிறது. 'ஆட்சேபணை வரவில்லை என்று பதில் மனுவில் போடுங்கள்' என்கிறார் மேலதிகாரி. அப்பாவிடம் சொன்னால், 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்கிறார். நான் யாருக்கு உண்மையாக இருப்பது?

பதில்: அப்பா சொன்னது சரிதான் சகோதரி. ஆனால் உங்களுக்கு உப்பிட்டது நிறுவனம். மேலதிகாரியும் அங்கே சம்பளம் வாங்குகிறவர்தான், நாளைக்கே மாற்றலாகிப் போகலாம். பொய்யான பதில் மனு அவரோடு போகாது, நிறுவனத்தின் பெயரில் நீதிமன்றத்தில் கிடக்கும். உங்கள் கட்சிக்காரர் யார் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

உங்கள் வழக்கு 2013ஆம் ஆண்டு நிலம் எடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். அதன் 15ஆம் பிரிவு, முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாட்களுக்குள் ஆட்சேபிக்கும் உரிமையைத் தருகிறது. ஆட்சேபித்தவரைக் கலெக்டர் விசாரித்தாக வேண்டும். பழைய சட்டத்தில் இதே உரிமையைத் தந்த 5ஏ பிரிவை, அடிப்படை உரிமைக்கு நிகராகவே உச்ச நீதிமன்றம் 2005இல் பார்த்தது. ஆக, உங்களை மறைக்கச் சொல்வது வழக்கின் உயிரையே. அத்தாட்சி நிலக்காரர் கையிலும் இருக்குமே! அவர் அதை நீட்டும் நாளில், பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார். நீதிமன்றத்தில் பொய்ச்சாட்சியத்துக்கு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 229ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை.

இதையெல்லாம் கோப்பில் குறிப்பாக எழுதுங்கள். கோபமில்லாமல், தேதியோடு, அத்தாட்சி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதோடு. கூடவே ஒரு வழியும் சொல்லுங்கள்: ஆட்சேபணை வந்ததை ஒப்புக்கொண்டு, இப்போதாவது விசாரணை வைக்க நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம். நிறுவனத்துக்கு இதைவிட நல்ல ஆலோசனை கிடையாது. அதன் பிறகும் அவர் பிடிவாதம் பிடித்தால், உத்தரவை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உத்தரவை எழுத்தில் உறுதி செய்யச் சொல்வது மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் விதியையும் பாருங்கள். பல உத்தரவுகள் எழுத்துக்கு வரும்போதே கரைந்துவிடும்.

பார் கவுன்சில் விதி 49படி முழுநேரச் சம்பளக்காரர் வக்கீல் தொழில் செய்ய முடியாது. அதனால் நீதிமன்றத்தில் நிற்கப்போவது பேனல் வக்கீல், அதாவது நிறுவனம் தன் பட்டியலில் வைத்திருக்கும் வெளி வக்கீல். அவருக்கு அத்தாட்சியோடு முழுக் கோப்பும் போகட்டும். இன்னொன்று, நிறுவனங்களின் உள் சட்ட ஆலோசகர்களுக்கு கட்சிக்காரரோடு பேசியதை வெளியிட வேண்டியதில்லை என்று வக்கீல்களுக்குச் சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷ்ய அதிநியம்) 132ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு இல்லை என்று 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் குறிப்பை ஒருநாள் நீதிபதியே படிக்கலாம் என்று நினைத்து எழுதுங்கள்.

இரக்கப்பட்டு நிலக்காரருக்குப் போன் மட்டும் செய்துவிடாதீர்கள். கட்சிக்காரரின் ரகசியத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுப்பதும் துரோகம்தான்.

மேலதிகாரி கோப்பை வேறொருவரிடம் கொடுக்கலாம், உங்களுக்கு மாற்றலும் வரலாம். வீடு, பிள்ளைகளின் பள்ளி என்று யோசிக்கும்போது அது சின்ன விஷயமில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வாசகத்தின் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். போடச் சொல்லி வற்புறுத்தினால், உங்கள் குறிப்பின் நகலோடு நிறுவனத் தலைவருக்கு எழுதுங்கள்.