படகு எஞ்சின் நின்றால் கார்புரேட்டருக்கு முன் பல்பைத் தொட்டுப் பாருங்கள்

ஃபைபர் படகுகளில் பூட்டும் வெளிப்பொருத்து (அவுட்போர்டு) எஞ்சின்களுக்கு எரிபொருள் சரியாகப் போய்ச் சேராதது பற்றி மீனவர்கள் கேட்டவையும் என் பதில்களும். பல்ப் என்றால் விளக்கு அல்ல, டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் இருக்கும், கையால் அழுத்திப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் உருண்டை.

கேள்வி (நாகப்பட்டினம்): அண்ணா, கரையில் நன்றாக ஓடும் எஞ்சின் கடலில் கால் மணி நேரத்தில் இளைத்து நின்றுவிடுகிறது. சற்றுப் பொறுத்து இழுத்தால் கிளம்புகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாகிவிட்டது.

பதில்: கார்புரேட்டரை விடுங்கள் தம்பி. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறந்தீர்களா? அது மூடியிருந்தால் பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகும். எஞ்சினில் உள்ள பெட்ரோல் பம்பால் இழுக்க முடியாது. நின்றபின் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் மறுபடி கிளம்புகிறது. அடுத்த முறை நின்றதும் மூடியைத் தளர்த்துங்கள். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான் காரணம்.

இல்லையென்றால் பல்பைப் பாருங்கள். சப்பையாக ஒட்டிக்கிடந்தால் அடைப்பு பல்புக்கும் டேங்குக்கும் நடுவில்: உறிஞ்சு குழாயின் அடி வலையில் அழுக்கு இருக்கும், அல்லது ஹோஸின் உள்தோல் உரிந்து வழியை மறைக்கும். பல்ப் சப்பையாகவில்லை, ஆனால் இளைக்கும் நேரத்தில் இன்னொருவர் அதை விடாமல் அழுத்தினால் எஞ்சின் எழுந்து ஓடுகிறது என்றால், பம்பின் டயாஃப்ரம் (உள்ளே அசையும் மெல்லிய சவ்வு) கிழிந்திருக்கலாம், அல்லது ஏதோ ஓர் இணைப்பு காற்று இழுக்கிறது. அழுத்தியும் மாற்றமே இல்லையா? அப்போதுதான் கார்புரேட்டர், பிளக் பக்கம் போக வேண்டும். பெரும்பாலோர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடித்துப் பணத்தை விடுகிறார்கள்.

கேள்வி (கடலூர்): எவ்வளவு அழுத்தினாலும் பல்ப் கெட்டியாவதே இல்லை.

பதில்: பல்பின் அம்புக்குறி எஞ்சினைப் பார்க்கிறதா? சிரிக்காதீர்கள், ஹோஸ் மாற்றிய படகுகளில் இது நடப்பதுதான். எஞ்சின் பக்க முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அழுத்துங்கள். அப்போதும் தளர்வாக இருந்தால் இணைப்பின் ஓ-ரிங்கையும் (ரப்பர் வளையம்) கிளிப்புகளையும் பாருங்கள். அவை சரியென்றால் பல்பின் வால்வு தேய்ந்திருக்கும், பல்பையே மாற்றுங்கள். கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்தால் அதற்குள் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வு மூடவில்லை என்று பொருள். அந்த வாடையோடு எஞ்சினை இழுக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

கேள்வி (குளச்சல்): மண்ணெண்ணெயில் ஓடி வந்த எஞ்சின் மறுநாள் காலையில் கிளம்ப மறுக்கிறது.

பதில்: கரை நெருங்கும்போது பெட்ரோலுக்கு மாற்றிச் சில நிமிடம் ஓட்டியபின் நிறுத்துங்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் அது மிஞ்சியிருந்தால் கயிறு இழுத்துக் கைதான் ஓயும்.

கேள்வி (பழவேற்காடு): வாரக்கணக்கில் டேங்கில் கிடந்த பெட்ரோலை ஊற்றி ஓட்டலாமா அண்ணா?

பதில்: ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்து, அசையாமல் வைத்துப் பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் என்னும் ஆல்கஹால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். உறிஞ்சு குழாய் இருப்பதும் அங்கேதான். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆபத்து இன்னும் அதிகம்: கலந்த ஆயில் மேலடுக்குப் பெட்ரோலோடு நின்றுவிடுவதால், கீழிருந்து போவதில் வழவழப்பு இருக்காது, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அந்தப் பெட்ரோல் எஞ்சினுக்கு ஆகாது. தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் ஒன்றை ஹோஸில் பூட்டிவிடுங்கள்.

கேள்வி (தூத்துக்குடி): கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் சிறு துளையுள்ள ஜெட் அடைத்தால் கம்பியால் குத்தலாமா?

பதில்: கூடாது. ஜெட்டின் பித்தளை மென்மையானது, துளை அகன்றுவிடும். பிறகு கலவை மாறி எஞ்சின் புகையைத்தான் கக்கும். கிளீனரில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.