ராமநாதபுரம் கடலில் பவளப்பாறை, பிறகு மலைக்காடு: ஒரு வாரம் போதுமா?

நீங்கள் கேட்டது இது: கல்யாணமாகி முதல் விடுமுறை, அந்தமானுக்குக் கையில் காசு இல்லை, ராமநாதபுரம் பக்கம் பவளப்பாறை பார்த்துவிட்டு மலையில் விலங்குகளையும் பார்க்க முடியுமா, மனைவிக்கு நீச்சல் தெரியாது. கூடவே ஒரு வரி: "ராமேஸ்வரத்தில் கோயிலை விட்டால் வேறென்ன இருக்கிறது?" பதில் எழுத உட்கார வைத்தது அந்த வரிதான்.

பாம்பனிலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகள். 1986 முதல் அது மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா. 117 வகைப் பவளம், ஆவுளியா என்கிற கடல்பசு மேயும் கடற்புல் வெளி, ஆமை, கடல் குதிரை எல்லாம் இருக்கின்றன. அந்தமான் போலக் கண்ணாடித் தண்ணீர் என்று நான் சொல்லவில்லை, அப்படி எதிர்பார்த்து வந்துவிட்டு இங்கே வந்து திட்டாதீர்கள். நல்ல நாளில் நாலைந்து மீட்டர் தெரியும், அவ்வளவுதான். ஆனால் பவளம் பல இடங்களில் இடுப்பளவு ஆழத்திலேயே தொடங்கிவிடுகிறது. நீச்சல் தெரியாதவருக்கு அதுவே வசதி.

பெரும்பாலும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குத்தான் பெட்டி கட்டுவீர்கள். அதுதான் தப்பு. இங்கே இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தென்கடலைக் கலக்கும். ஐப்பசியிலிருந்து தை வரை வாடையும் மழையும் வடகடலைக் கலக்கும், தென்கடலையும் சும்மா விடாது. அலை பெரிதாக இருப்பது மட்டும் பிரச்சினை இல்லை. ஆழம் குறைந்த கடல் என்பதால் காற்று அடித்தவுடன் அடிச்சேறு எழும்பிவிடும், அப்புறம் முகமூடி போட்டாலும் கஞ்சித் தண்ணீர்தான். மாசி, பங்குனியில் இரண்டு பக்கமும் அடங்கியிருக்கும். சித்திரை பாதிக்கு மேல் கடல் சூடேறும், பவளம் வெளுக்கிற காலம் அது. 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்ததும் இப்படிச் சூடேறித்தான். மகாசிவராத்திரியை ஒட்டிய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது. ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ தங்குவது எப்போதுமே நிம்மதி.

எந்த மாதமானாலும் காலை ஏழு மணிக்குக் கடற்கரையில் இருங்கள். பத்து, பதினொன்றுக்கு மேல் கடற்காற்று கிளம்பிவிடும். கைப்பேசியில் காற்றின் வேகம் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் இறங்கலாம். இருபதைத் தாண்டினால் கீழக்கரைக்குப் போய்த் தொதல் என்கிற இனிப்பை வாங்கிச் சாப்பிடுங்கள்.

இப்போது வரிசை. எல்லோரும் கடலை முதலில் வைப்பார்கள். நான் மலையை முதலில் வைக்கச் சொல்வேன். ஸ்கூபா செய்யும் எண்ணம் துளியாவது இருந்தால் இது கட்டாயம். சிலிண்டர் போட்டு முங்கும்போது உடம்பில் நைட்ரஜன் கரைகிறது. அது முழுவதும் வெளியேறும் முன் உயரத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டு வலியில் தொடங்கிக் கைகால் செயலிழப்பது வரை போகலாம். விமானத்துக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைக்கிறார்கள். தேனி மாவட்டத்து மேகமலை ஏறினாலும் இதே கதைதான், ஒரு முழு நாளாவது இடைவெளி வேண்டும். வெறும் ஸ்நார்க்கலுக்கு, அதாவது முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு மேலே மிதந்தபடி பார்ப்பதற்கு, இந்தத் தொல்லை இல்லை. மலையை முதலில் முடிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: அங்கே இருக்கும்போதே அடுத்த மூன்று நாள் காற்றைப் பார்த்துக் கடலுக்கான நாளை முன்பின் தள்ளிக்கொள்ளலாம்.

மலைக்கு இரண்டு வழி. சின்னமனூரிலிருந்து மேகமலை ஏறினால் தேயிலைக்கு நடுவே காட்டுமாடு, சோலை ஓரத்தில் சோலைமந்தி, அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சிப் பறவை. இருட்டுவதற்குள் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட வேண்டும். இல்லை, அலைச்சல் குறைய வேண்டும் என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு. சாம்பல் நிற அணிலை அங்கே காட்டுக்குள் தேடாதீர்கள், அடிவாரத்து மா, புளியந்தோப்புகளில் கிளையோடு கிளை தொடும் இடத்தில் அண்ணாந்து பாருங்கள். தரையில் இறங்க அதற்குப் பிடிக்காது. விடிந்து இரண்டு மணி நேரம்தான் நல்ல நேரம். இரண்டுமே 2021இல் அறிவித்த ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் வருபவை. புலி தெரியும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். மாசி, பங்குனி காட்டுத்தீ காலம். மலையேற்றம் கூட்டிப்போகிறேன் என்று தனியாள் ஆசை காட்டினால் 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கியதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக இறங்கி, முதுகுளத்தூர்ப் பக்கம் காஞ்சிரங்குளம், சித்திரங்குடி கண்மாய்களைப் பார்த்துக்கொண்டே ராமநாதபுரம் வந்துவிடலாம். இரண்டும் ராம்சர் என்கிற உலகச் சதுப்புநிலப் பட்டியலில் உள்ளவை. கண்மாயில் தண்ணீர் நின்றால்தான் பறவை, வற்றிவிட்டால் வெறும் கருவேல மரம். போகும் முன் விசாரியுங்கள்.

கடலுக்கு வந்த முதல் நாள் பவளத்துக்குப் போகாதீர்கள். அரியமானிலோ பிரப்பன்வலசையிலோ, வடகடல் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் உங்கள் மனைவி பழகட்டும். முகமூடியை வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுக்கச் சொல்லுங்கள். கையை எடுத்தும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. உங்களுக்கு மீசை இருந்தால் தண்ணீர் கசியும், மீசையின் மேல்விளிம்பில் வாசலின் தடவுங்கள். புது முகமூடி ஆவி பிடித்தால் உள்கண்ணாடியை வெள்ளைப் பற்பசையால் இரண்டு முறை தேய்த்துக் கழுவுங்கள், பிறகு ஒவ்வொரு தடவையும் எச்சில் தடவினாலே போதும். குழாயில் தண்ணீர் புகுந்தால் 'தூ' என்று ஒரே ஊது. ஐந்து நிமிடம் முகத்தைத் தண்ணீரில் வைத்து வாயால் மட்டும் மூச்சுவிட வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. லைஃப் ஜாக்கெட்டின் வார்களை இறுக்காவிட்டால் அது காதுவரை ஏறிவிடும். இறுக்கினாலும் நெஞ்சைத் தூக்கி நிறுத்துவதால் குனிந்து பார்க்கக் கஷ்டம். அதனால் வழிகாட்டியிடம் ரப்பர் வளையம் கேளுங்கள், அதை இரு கையாலும் பிடித்துக் குப்புற மிதப்பது சுலபம். சுடிதார் பேன்ட் தண்ணீர் குடித்துக் காலை இழுக்கும், லெக்கிங்ஸும் முழுக்கை டிஷர்ட்டும் போதும். சன்கிரீம் பூசிக்கொண்டு பவளத்துக்கு மேல் மிதப்பதைவிட அதுதான் நல்லது. மணலில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போய்விடும். முள் ஏறிவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தபடியே மருத்துவமனைக்குப் போங்கள். சொறி மீன் பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீரால் கழுவுங்கள்.

தீவுகளில் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. பாம்பன் பக்கம் குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கும், ஏர்வாடி பக்கம் பிச்சைமூப்பன்வலசையிலும் வனத்துறைப் படகு விடுகிறார்கள், அலை இருந்தால் நிறுத்திவிடுவார்கள். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். டிக்கெட் வாங்கிய நாம் தீவில் இறங்கலாம். விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி, தலைமுறையாக அங்கே மரிக்கொழுந்து என்கிற கடற்பாசி எடுத்த, பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்துப் பெண்கள் போனால் குற்றம். மாதத்தில் இத்தனை நாள்தான் எடுப்பது என்று தாங்களாகவே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். பாதுகாப்பே வேண்டாமா என்று கிளம்பாதீர்கள், பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கு ஏற்றிய கதையும் இதே வளைகுடாவில் நடந்ததுதான். கேட்காத கேள்விக்குப் பதில் என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

தனுஷ்கோடிக்குப் போங்கள், குளிர்காலக் கடைசியில் பூநாரை நிற்கும். அரிச்சல்முனையில் மட்டும் கால் நனைக்கிறேன் என்று இறங்காதீர்கள், இரண்டு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் இழுக்கும். கரையில் கிடக்கிற செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள், 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணை ஒன்று, புலித்தோலுக்கு உள்ள சட்டம். கடல் அட்டையும் அப்படியே. மலை அட்டைக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது உங்களைத் தேடி வரும். மாசியில் மலை காய்ந்திருப்பதால் குறைவுதான், இருந்தாலும் பையில் கொஞ்சம் உப்பு இருக்கட்டும்.