கன்வென்ஷன் கூட்டங்கள் முடிந்து இரண்டே வாரத்தில் அனல் தணிந்துவிடுகிறது. முழு இருதயத்தோடு ஊழியம் செய்யும் வைராக்கியத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

ஓய்வுநாள் பாடசாலை, கொயர் என்கிற பாடகர் குழு, வாலிபர் ஐக்கியம் என்று மூன்றிலும் இருக்கிறேன், எதிலும் மனசு ஒட்டவில்லை, நடிக்கிற மாதிரி இருக்கிறது, எல்லாவற்றையும் விட்டுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடிப்பு என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். உங்களை உண்மையில் அரிப்பது அதுதான் என்று படுகிறது.

அரைமனசுக்கு வேதத்தில் ஒரு ஆள் இருக்கிறான், யூதாவின் ராஜா அமத்சியா. கர்த்தரின் பார்வைக்குச் செம்மையானதைச் செய்தான், ஆனால் முழுமனதோடு செய்யவில்லை என்று 2 நாளாகமம் 25-ம் அதிகாரம் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறது. ஏதோம் நாட்டோடு சண்டைக்குப் போக நூறு தாலந்து வெள்ளி கொடுத்து இஸ்ரவேலிலிருந்து லட்சம் பேரைக் கூலிக்குப் பிடிக்கிறான். அவர்களைத் திருப்பி அனுப்பு என்கிறான் தேவனுடைய மனுஷன். அமத்சியாவின் முதல் கவலை, "அப்போ நான் கொடுத்த நூறு தாலந்து?" பணத்தை நினைத்துக்கொண்டேதான் கீழ்ப்படிகிறான். ஜெயிக்கவும் செய்கிறான். ஜெயித்த கையோடு தோற்றவர்களின் சிலைகளை ஊருக்குக் கொண்டுவந்து கும்பிடுகிறான்!

வேலை நடக்கும்போது அவனிடம் குறை கண்டுபிடிக்க முடியாது. மனசு எங்கே இருந்தது என்பது வேலை முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. உங்கள் நிலை அதுவல்ல. மனசு ஒட்டவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டும் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால் போய் நிற்கிறீர்கள். உணர்ச்சி வராத நாளிலும் செய்வதற்கு நடிப்பு என்று பேர் வைக்காதீர்கள். மைக்கில் சத்தம் ஏறினால்தான் அனல் என்று நினைக்கும் ஒரு பழக்கம் நம் கூட்டங்களில் உண்டு. அதை அளவுகோலாக வைத்தால் திங்கட்கிழமை யாருக்குமே அனல் இருக்காது.

லேவியராகமத்தில் பலிபீடத்து அக்கினி கர்த்தருடைய சந்நிதியிலிருந்து வந்தது என்று இருக்கிறது (9:24). ஆனால் காலைதோறும் அதன்மேல் விறகு போடுகிற வேலை ஆசாரியனுக்கு (6:12). கன்வென்ஷனில் உங்களுக்குள் மூண்டதைச் சந்தேகப்படவேண்டாம். அதற்குப் பிறகு தினமும் என்ன போட்டீர்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி அள்ளி, அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். அந்த நேரத்தில் உதடு மட்டும் லேசாக அசையும், ஒரே ஒரு வரி ஜெபம். அப்பாவோடு சண்டை போட்ட நாளிலும் அந்தக் கை கலயத்துக்குள் போகும். அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகப் போகும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கலயத்தைக் கோவிலுக்குக் கொண்டுபோய்ச் சாக்கில் தட்டிவிட்டு வருவாள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதையே செய்துவருகிறார்கள். இன்றைக்கு அந்த அரிசிக் காணிக்கை வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. அத்தனை பெண்களும் தினமும் பரவசத்தோடா அரிசி அள்ளியிருப்பார்கள்?

ஆகவே ஒரு பிடி அளவுக்குத் தொடங்குங்கள். காலையில் போனை எடுக்குமுன் ஒரு சங்கீதம், வாய்விட்டு வாசித்து. உங்கள் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபம், நாளைக்கு அடுத்தவர். மாதம் ஒருமுறை, திரும்ப உங்களுக்கு எதுவும் செய்ய முடியாத ஒருவரைப் போய்ப் பார்ப்பது. கடைசியாகச் சொன்னதை லேசாக நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தால், அன்றிரவு ஜெபிக்க வார்த்தை தேடவேண்டியிருக்காது.

இன்னொன்று, தனியாக எரியப் பார்க்காதீர்கள். ஜெர்மனியின் சாக்சனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் அகதிகளாக வந்து குடியேறிய மொரேவியன் சபையார் தங்களுக்குள் பிளவுபட்டுக் கிடந்தவர்கள். ஒப்புரவான பின், 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் மணிக்கணக்குப் பிரித்துக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அந்த ஜெபச் சங்கிலி நூறு வருஷத்துக்கும் மேல் ஓடியது. 1732-ல் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளிடம் போனார்கள், 1760-ல் நம் தரங்கம்பாடிக்கே வந்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, ஆளுக்கு ஒரு மணி நேரம்தான் பங்கு என்பது. மற்ற நேரம் நெசவோ தச்சோ அவரவர் வேலை. நீங்களும் ஒரே ஒரு நண்பரைப் பிடியுங்கள். புதன் இரவு பத்து நிமிஷம் போனில் சேர்ந்து ஜெபித்தால் போதும்.

விட்டுவிடலாமா என்பதற்கு வருகிறேன். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ட தீர்க்கதரிசி எலியா அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின்கீழ் படுத்து, சாகவேண்டும் என்கிறான். தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, சாப்பிடச் சொல்கிறான், தூங்க விடுகிறான், மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். மூன்று பொறுப்பு, மூன்று ரிகர்சல், நடுவில் ஆபீஸ் வேலை. உங்களுக்கு முதலில் தேவைப்படுவது தூக்கமாகக்கூட இருக்கலாம்.

பிள்ளைகள் வகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். கொயரையும் வாலிபர் ஐக்கியப் பொறுப்பையும் இந்த வருஷத்துக்கு விட்டுவிடுங்கள், சபைப் போதகரான ஐயரிடம் முன்கூட்டியே நேரில் சொல்லிவிட்டு. கிறிஸ்துமஸ் நேரத்தில் டெனர் குரலுக்கு ஆள் குறைகிறதே என்று கொயர் மாஸ்டர் முறைப்பார். முறைக்கட்டும்.