அப்பச்சிக்கு ஒரு கிண்டில்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டை வீட்டில் அப்பச்சியும் ஆத்தாளும் (அப்பாவும் அம்மாவும்) மட்டும்தான். நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். கண்புரை அறுவைக்குப் பிறகும் அப்பச்சிக்குப் பொடி எழுத்து பிடிபடவில்லை. டேப்லட் வாங்கிக் கொடுத்தேன், அதில் யூடியூப்தான் ஓடுகிறது. கிண்டில் என்னும் மின்நூல் வாசிப்புக் கருவி வாங்கலாமா? வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டில் தாத்தா காலத்துப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஸ்கேன் செய்து அதிலேயே ஏற்றிவிட்டால் என்ன?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

தாராளமாக வாங்குங்கள். பெட்டிப் புத்தகங்களை மட்டும் அதோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இதெல்லாம் இளவட்டங்களின் சாமான் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால் அறுபதைத் தாண்டியவர்களுக்குத்தான் இது அதிகம் உதவும். எழுத்தை வேண்டிய மட்டும் பெரிதாக்கலாம், வரிகள் தாமாகவே மடங்கிக்கொள்ளும். திரைக்குள் இருப்பவை கருப்பு, வெள்ளைத் துகள்கள். மின்சாரம் பட்டால் ஒன்று மேலேறும், மற்றது கீழிறங்கும். பக்கம் மாறிய பிறகு அதை அப்படியே நிறுத்திவைக்க மின்சாரம் வேண்டியதில்லை. அதனால்தான் ஒருமுறை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் தாங்குகிறது. வளவு முற்றத்து வெயிலில் டேப்லட்டில் நம் முகம்தான் தெரியும், இதில் வெளிச்சம் கூடக்கூட எழுத்து துலங்கும். யூடியூப் ஓடாது என்பதையும் வசதிக் கணக்கிலேயே சேருங்கள்.

அமெரிக்காவில் 2007-ல் வந்த கிண்டில் இந்தியக் கடைகளுக்கு 2012-ல்தான் வந்தது. அதன் மின்நூல் கடையில் தமிழ் நூல்கள் முறையாக வந்தது 2016 கடைசியில். நம்மவர்கள் தாமதமாக வாங்கியதற்கு அதுவே போதுமான காரணம். ஆங்கிலம் மட்டும் வாசிக்க அத்தனை பணம் யார் போடுவார்கள்? இன்று அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன, 1998 முதல் மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி பழைய இலக்கியங்களை இணையத்தில் ஏற்றி வருகிறது. ஒவ்வொரு கிண்டிலுக்கும் தனி மின்னஞ்சல் முகவரி உண்டு. நீங்கள் அங்கிருந்தே அதற்கு அனுப்பலாம். வீட்டில் வைஃபை இருந்தால் புத்தகம் தானாக வந்து இறங்கும், அப்பச்சி எதையும் தட்டித் தேட வேண்டாம்.

ஸ்கேன் விஷயம் வேறு. அது பக்கத்தின் படம். ஆறு அங்குலத் திரையில் எழுத்து எறும்பாகிவிடும். பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தை இடமும் வலமும் இழுக்க வேண்டும். அப்பச்சி அன்றைக்கே டேப்லட்டுக்குத் திரும்பிவிடுவார்.

அந்தப் பெட்டிகளுக்கு வழி உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் காட்டியதுதான். கோட்டையூர் ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதிய ஓவியர். அவர் வீட்டில் சேர்த்தவை நூல்களும் இதழ்களும் பிறவுமாக ஏறக்குறைய ஒரு லட்சம். 1992-ல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தனையையும் வாங்கிச் சென்னையிலேயே நூலகமாக்கியது. நூல்களின் பக்கங்களை மைக்ரோஃபிலிம் என்ற படச்சுருளில் சிறிதாகப் படம் எடுத்தும் காத்தார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது தலைப்பும் பதிப்பாண்டும் எழுதி ஒரு பட்டியல் போட்டு அந்த நூலகத்துக்கு அனுப்பிக் கேளுங்கள். அதுவரை பழைய பேப்பர்காரரை இரண்டாம் கட்டுக்குள் விட வேண்டாம் என்று ஆத்தாளிடம் சொல்லிவையுங்கள்.