ஹாமில்டனின் பற்று வரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேத்தி பள்ளிக்காக அலெக்சாண்டர் ஹாமில்டனைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர், பத்து டாலர் நோட்டில் இருப்பவர் என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. அவர் தாய் வழியில் கறுப்பினத்தவர் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறாள். அடிமை முறையை எதிர்த்தவர் என்று இன்னோர் இடத்தில். அடிமைகளை விலைக்கு வாங்கியவர் என்று வேறோர் இடத்தில். "எதை நம்புவது தாத்தா?" என்கிறாள். வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன் நான், ஆவணத்தைப் பார்க்காமல் பதில் சொல்லிப் பழக்கமில்லை. எந்த ஆவணத்தைப் பார்ப்பது?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

கறுப்பினத் தாய் என்பதை முதலில் தள்ளிவிடலாம். அதற்கு ஆதாரம் கிடையாது. தாய் ராச்சல் ஃபாசெட்டின் தந்தை, பிரான்ஸிலிருந்து மதத்துக்காக வெளியேறிய ஹியூகனாட் எனப்படும் புராட்டஸ்டண்ட் வம்சத்தவர். அவர்கள் வாழ்ந்த செயின்ட் க்ராய் என்ற மேற்கிந்தியத் தீவின் வரிப் பதிவேடுகளில் ராச்சலின் பெயர் வெள்ளையர் வரிசையில்தான் இருக்கிறது. மேற்கிந்தியத் தீவுக்காரர், அதிலும் திருமணம் ஆகாத பெற்றோருக்குப் பிறந்தவர் என்றால் வம்புக்குக் கேட்கவா வேண்டும்? அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸ் அவரை ஸ்காட்லாந்துத் தெரு வியாபாரியின் முறைதவறிய பிள்ளை என்று ஏசினார். உண்மையில் தந்தை ஜேம்ஸ் ஹாமில்டன், எர்ஷயர் பகுதியில் கிரேஞ்ச் என்ற பண்ணைக்கு உரிய குடும்பத்தின் நான்காவது மகன். பின்னாளில் நியூயார்க்கின் ஹார்லெமில் வீடு கட்டிய ஹாமில்டன் அதற்குக் கிரேஞ்ச் என்றே பெயர் வைத்தார். சிறுவயதிலேயே விட்டுப் போன தகப்பனின் குலப்பெருமையை மகன் விடவில்லை. எட்வர்ட் ஸ்டீவன்ஸ் என்ற நண்பரோடு அவருக்கு இருந்த முகச்சாயலை வைத்து, அந்த நண்பரின் தந்தைதான் ஹாமில்டனுக்கும் தந்தையோ என்று ஐயப்படுகிறவர்கள் உண்டு. சாயலை வைத்து வாரிசுச் சான்றிதழ் கொடுப்பீர்களா? நானும் கொடுக்க மாட்டேன்.

நீங்கள் பார்க்க வேண்டிய ஆவணம் 1768ஆம் ஆண்டுக்குரியது. அந்த ஆண்டு பிப்ரவரி 19 இரவு ராச்சல் காய்ச்சலில் இறந்தார். சிறுவன் அலெக்சாண்டரும் அதே காய்ச்சலில் கிடந்தான். ஒரு மணி நேரத்துக்குள் நீதிமன்ற ஆட்கள் வந்து வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். பிறகு மகஜர் எழுதினார்கள்: வெள்ளிக் கரண்டிகள், சர்க்கரை இடுக்கி, பீங்கான் தட்டுகள், 34 புத்தகங்கள். கூடவே ஐந்து அடிமைப் பெண்கள், நான்கு சிறுவர்கள். அந்தச் சிறுவர்களில் ஒருவன் பெயர் ஏஜாக்ஸ். அலெக்சாண்டருக்குப் பணிவிடை செய்யவென்று ராச்சல் ஒதுக்கியிருந்த பையன்.

ஹாமில்டன் பிறந்தது 1757 என்பதா 1755 என்பதா என்று நடக்கும் வழக்கில் 1755க்குப் பெரிய சாட்சி இந்த விசாரணைத் தாள்கள்தான். அவற்றில் அவன் வயது 13 என்று இருக்கிறது. முறையான மணத்தில் பிறக்காதவன் என்பதும் அங்கேதான் பதிவாகிறது. முதல் கணவர் லவீன் 1759இல் விவாகரத்து பெற்றபோது ராச்சல் மறுமணம் செய்யக் கூடாது என்று தீர்ப்பானது. அதனால் சொத்து முழுவதும் முதல் மணத்தில் பிறந்த பீட்டர் லவீனுக்குப் போனது, அடிமைகள் உட்பட. அனாதையாக நின்ற ஏழைப் பையன் என்ற கதையை உங்கள் பேத்தி படித்திருப்பாள். பொய்யில்லை. ஆனால் அந்த ஏழைப் பையன் கையிலிருந்து போனவற்றில் ஏஜாக்ஸும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வணிக நிறுவனமோ 1771 ஜனவரியில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த 300 அடிமைகள் விற்பனைக்கு என்று விளம்பரம் கொடுத்த நிறுவனம்.

வளர்ந்த பிறகு எதிர்த்தார் என்பதும் உண்மை. 1779இல், அமெரிக்கப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான ஜான் ஜேக்கு எழுதிய கடிதத்தில், அடிமைகளைப் படையில் சேர்த்து விடுதலை கொடுக்கலாம் என்ற யோசனையை ஆதரித்து, கறுப்பர்களின் இயல்பான அறிவுத்திறன் நம்முடையதற்குக் குறைந்ததாக இருக்காது என்றார். அந்தக் காலத்தில் அப்படி எழுதியவர்கள் சிலரே. 1785இல் நியூயார்க்கில் தொடங்கிய அடிமை விடுவிப்புச் சங்கத்தில் உறுப்பினர். அதன் முதல் தலைவர் ஜான் ஜேயே அடிமைகள் வைத்திருந்தவர்! சங்கத்துக்காரர்களும் அடிமைக்காரர்களும் வேறு வேறு ஆட்கள் என்று பேத்தி நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் துறைக்கு வருவோம். பற்று வரவு. ஹாமில்டன் தம் கைப்பட எழுதிய கணக்கில் 1796ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று, தமக்காக மாமனார் வாங்கிக்கொடுத்த இரண்டு நீக்ரோ வேலையாட்களுக்கு 250 டாலர் என்கிறது. மாமனார் பிலிப் ஸ்கைலர், அல்பனியில் பல அடிமைகளை வைத்திருந்த பெரிய மனிதர். 1797இல் ஒரு பெண்ணுக்கும் குழந்தைக்கும் கொடுத்த 225 டாலர், மைத்துனியின் கணவர் ஜான் சர்ச் என்பவரின் பற்றில் ஏறியிருக்கிறது. ஹாமில்டன் அவருடைய பண விவகாரங்களைக் கவனித்துவந்தார். இதைக் கொண்டு 1796 பதிவும் சர்ச்சுக்காகத்தான் என்று வாதாடுகிறார்கள் அபிமானிகள். எனக்கு ஒப்பவில்லை. அடுத்தவருக்காக வாங்கியதை அடுத்தவர் பற்றில் எழுதத் தெரிந்த மனிதர், ஒரு நாட்டின் கருவூலத்தையே அமைத்தவர், இந்த இடத்தில் மட்டும் எழுத மறந்தாரா? 1804இல் இறந்தபின் தயாரான சொத்துக் கணக்கில் வீடு, நூலகம் ஆகியவற்றோடு வேலையாட்களுக்கும் ஒரு பண மதிப்பு போட்டிருக்கிறார்கள். கூலி வாங்கும் ஆளைச் சொத்தில் சேர்ப்பதில்லை.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததும் அல்ல. அவருடைய பேரனே 1910இல் எழுதிய நூலில், தாத்தா அடிமை வைத்திருக்கவில்லை என்பது தவறு, தமக்கும் பிறருக்கும் வாங்கிய கணக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2020இல், ஸ்கைலர் மாளிகை நினைவிடத்தில் வழிகாட்டியாகப் பணியாற்றிய ஜெஸ்ஸி செர்ஃபிலிப்பி இந்தப் பதிவுகளை வரிசைப்படுத்தி ஆய்வறிக்கை வெளியிட்டபோதுதான் செய்தித்தாள்கள் விழித்தன. மறுப்புகளும் வந்தன. பேத்தி இரண்டையும் படிக்கட்டும்.

ஹாமில்டனின் கடிதங்களை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அடிமை என்ற சொல்லைப் போட்டுத் தேடினால் பாதி தப்பிவிடும். வேலையாள், பையன், நீக்ரோ பெண் என்றும் தேடச் சொல்லுங்கள். செயின்ட் க்ராய் அப்போது டென்மார்க்கின் தீவு, அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது 1917இல். அதனால் டேனிஷ் ஆட்சிக் காலத்துப் பதிவேடுகளில் பெரும்பகுதி கோபன்ஹேகனில் இருக்கிறது. 2017இல் படமெடுத்து இணையத்தில் ஏற்றினார்கள். நம் தரங்கம்பாடியை 1845 வரை ஆண்டவர்களும் அதே டேனியர்கள்தான், அந்த ஊர்க் காகிதங்களும் அதே காப்பகத்தில் இருக்கின்றன. பேத்தியின் கட்டுரை முடிந்த பிறகு, ஓய்வுபெற்ற ஒரு வருவாய்த் துறைக்காரருக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.