ஆல்பெர்த்தோ பூர்ரியின் கையொப்பமிட்ட அச்சோவியங்கள்: கேள்வி பதில்

கேள்வி: இத்தாலிய அரூப ஓவியர் பூர்ரியின் ‘கிரெத்தி’ (வெடிப்புகள்) வரிசையைச் சேர்ந்த அச்சோவியம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. கீழே பென்சிலில் கையொப்பம் உள்ளது. அதை நம்பி வாங்கலாமா?

பதில்: கையொப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள், முதலில் தாளைப் பாருங்கள். 1971இல் வெளிவந்த இந்த வரிசையை ரோம் நகரின் 2ஆர்சி அச்சுக்கூடத்தில் வால்தர் ரோஸ்ஸியும் எலெயொனோரா ரோஸ்ஸியும் பூர்ரியோடு சேர்ந்து உருவாக்கினார்கள். வறண்ட ஏரித்தரையைப் போன்ற வெடிப்புகள் தாளிலேயே மேடுபள்ளமாக அழுந்தியிருக்கும். அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைத் தாளின் பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடியுங்கள். அசலில் ஒவ்வொரு வெடிப்பும் தன் நிழலை விழச் செய்யும். விளக்கை நகர்த்தினால் நிழலும் நகரும். புகைப்படத்திலிருந்து எடுத்த நகலிலும் நிழல் இருக்கும், ஆனால் அது இருந்த இடத்திலேயே இருக்கும். உருப்பெருக்கியில் ஒரே சீரான சிறு புள்ளிகள் தெரிந்தால் அது ஆஃப்செட் அச்சு, அதாவது புகைப்படத்திலிருந்து இயந்திரத்தில் அச்சிட்ட நகல். எவ்வளவு அழகான கையொப்பம் இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் இது அவருடைய ஓவியத்தின் பிரதிதானே?

பதில்: இல்லை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஓவியத்தில் துத்தநாக வெள்ளையும் வினைல் பசையும் கலந்த பூச்சு காயும்போது தானாகவே வெடிக்கிறது. தாளில் அப்படி எதுவும் வெடிக்காது என்பதால், அதே விளைவைத் தகட்டையும் அழுத்தத்தையும் கொண்டு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வரைகலைக்கான ஃபெல்த்ரினெல்லி என்ற இத்தாலியப் பரிசு 1973இல் அவருக்குக் கிடைத்தது.

கேள்வி: தாளில் 3/90 (90 தாள்கள் கொண்ட பதிப்பில் 3ஆம் எண்) என்று இருந்தால், அது 85/90ஐ விட மதிப்பு மிக்கதா?

பதில்: இல்லை. எண் இடுவது பெரும்பாலும் கையொப்பமிடும் வேளையில்தான். அது அச்சான வரிசையைக் காட்டாது. செம்புத் தகடு தேயாதபடி அதன் மேல் மெல்லிய இரும்புப் பூச்சு ஏற்றி அச்சிடும் வழக்கம் இருப்பதால் கடைசித் தாளும் கூர்மையாகவே வரும். ஆனால் 90 என்பதை மொத்த எண்ணிக்கையாகக் கொள்ளாதீர்கள். ‘பி.டி.ஏ.’ என்று குறிக்கப்படும் ஓவியருக்கான தாள்களும், ரோமன் எண் இட்ட தாள்களும் அந்தக் கணக்குக்கு வெளியே இருக்கக்கூடும். மொத்தம் எத்தனை தாள்கள் என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: அச்சுக்கூடத்தின் முத்திரையைக் காணவில்லையே?

பதில்: மையில்லாமல் அழுத்திய முத்திரை அது, ஓரத்தை மூடும் மவுண்ட் அட்டைக்கு அடியில் மறைந்திருக்கலாம். பணம் கொடுப்பதற்கு முன் சட்டத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: என்னிடமுள்ள தாளின் ஓரம் பழுப்பேறிவிட்டது. வெட்டிவிடலாம் என்கிறார் சட்டம் போடுபவர்.

பதில்: தயவுசெய்து வெட்டாதீர்கள். முழு ஓரமும் படைப்பின் பகுதி. வெட்டிய தாளின் மதிப்பு சரிந்துவிடும். அமிலம் கலந்த மலிவான அட்டைதான் பெரும்பாலும் இந்தப் பழுப்புக்குக் காரணம். அதை உடனே அகற்றிவிட்டு, தாள் பாதுகாப்பு வல்லுநரிடம் காட்டுங்கள். அமிலமற்ற அட்டையும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணாடி தாளின் மேடுகளைத் தொடாதபடி இடைவெளி இருக்கட்டும். செலோடேப்பை அருகிலேயே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: இவ்வளவு பார்த்த பிறகும் ஐயம் இருந்தால்?

பதில்: பூர்ரி தம் சொந்த ஊரான சித்தா தி காஸ்தெல்லோவில் 1978இல் நிறுவிய அறக்கட்டளை அவருடைய படைப்புகளின் பொதுப் பட்டியலை 2015இல் வெளியிட்டிருக்கிறது. தாளின் அளவு, ஆண்டு, பதிப்பு எண்ணிக்கை ஆகியவற்றை அதனோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.