கொச்சியில் ஒரே நாள்: கிழமையைப் பார்த்துக் கிளம்புங்கள்

கேள்வி: நானும் என் கணவரும் வெள்ளிக்கிழமை இரவு ரயில் ஏறி, சனிக்கிழமை காலை எர்ணாகுளத்தில் இறங்குவதாக இருக்கிறோம். அன்று இரவே திரும்பியாக வேண்டும். ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி, மெரைன் டிரைவ், திருப்பூணித்துறை ஹில் பேலஸ், செராய் கடற்கரை, கடைசியில் ஏதாவது ஒரு பெரிய மால் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். அவருக்குப் பழைய கட்டடங்கள் என்றால் உயிர். எனக்குக் கடல் பக்கம் உட்கார்ந்தாலே போதும். நாள் முழுக்க ஒரு கார் பேசிவிட்டால் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா?

பதில்: பார்க்க முடியாது. அடித்துப் பிடித்து ஓடினாலும் பாதி நாள் காருக்குள்ளேயே போய்விடும். ஹில் பேலஸ் எர்ணாகுளத்துக்குத் தென்கிழக்கே இருக்கிறது, செராய் வைப்பின் தீவின் வடகோடியில் இருக்கிறது, ஃபோர்ட் கொச்சியோ மேற்கே தண்ணீருக்கு அந்தப் பக்கம். மூன்றையும் ஒரே நாளில் தொட்டுவிட்டு வந்தால் நினைவில் நிற்பது போக்குவரத்து நெரிசலாகத்தான் இருக்கும். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் மட்டும் போதும். உங்கள் கணவர் கேட்கும் பழமையும் நீங்கள் கேட்கும் கடலும் மூன்று கிலோமீட்டருக்குள் அங்கேயே கிடைக்கின்றன.

ஆனால் அதற்கு முன்னால் கிழமையைப் பேசிவிடலாம், ஏனென்றால் உங்கள் திட்டத்தில் பெரிய ஓட்டை அதுதான். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், அன்று மட்டாஞ்சேரியில் உள்ள பரதேசி ஜெப ஆலயம் பார்வையாளர்களுக்குத் திறக்காது. சரி, வெள்ளிக்கிழமைக்கு மாற்றலாம் என்றால் அன்று மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை, ஜெப ஆலயத்தையும் அன்று நம்பிப் போக முடியாது. பழைய கட்டடங்களுக்காகவே வருகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் நிறுத்துவது பாவம். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் பயணத்தை ஒரு நாள் தள்ளி, சனி இரவு ஏறி ஞாயிறு காலை இறங்குங்கள். ஞாயிறு இரண்டுமே திறந்திருக்கும். புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் மட்டும் ஞாயிறு காலையில் வழிபாடு நடக்கும், அங்கே நீங்கள் மதியத்துக்குப் பிறகுதான் போகப்போகிறீர்கள். யூதப் பண்டிகை நாட்களிலும் ஜெப ஆலயம் மூடியிருக்கும் என்பதால், தேதி முடிவானதும் அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார். வேண்டாம். ஸ்டேஷனில் குளித்துத் தயாராகி, பெட்டியைப் பூட்டி கிளோக் ரூமில் போட்டுவிட்டு ஆட்டோ பிடித்துப் படகுத்துறைக்குப் போங்கள். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பழைய படகும் ஓடுகிறது, ஹைகோர்ட் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவும் ஓடுகிறது. வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது, குளிரூட்டிய மின்சாரப் படகுகள், கொச்சி கப்பல் கட்டும் தளத்திலேயே கட்டியவை. பழைய படகில் சில ரூபாய்தான் டிக்கெட், ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, காற்று முகத்தில் அடிக்கும். போகும்போது பழைய படகு, திரும்பும்போது வாட்டர் மெட்ரோ என்று வைத்துக்கொண்டால் இரண்டையும் அனுபவித்த மாதிரி ஆகும். இருபது நிமிடம்தான், ஆனால் கொச்சியைப் புரிந்துகொள்ள அந்த இருபது நிமிடம் நிறைய உதவும். வழியில் தெரிகிற வில்லிங்டன் தீவு இயற்கையானது இல்லை. ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்துக்காகக் கடல்வாயை ஆழப்படுத்தியபோது தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கியது. பெரிய கப்பல்கள் உள்ளே வர ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான். உங்கள் கணவருக்கு வரலாற்றுப் பாடம் படகிலேயே தொடங்கிவிடும்.

எட்டு மணி வாக்கில் ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் நேரே சீன வலைகளுக்குப் போங்கள். மாலையில் எல்லோரும் சூரியனுக்கு முன்னால் வலையை வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள், வலை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. காலையில் கூட்டம் இருக்காது, பக்கத்தில் நின்று பாருங்கள். நீண்ட மரக்கழிகளின் நுனியில் வலை தொங்கும், மறுமுனையில் கயிறு கயிறாகப் பெரிய பெரிய கற்கள் கட்டியிருக்கும். ஒருவர் நடுமரத்தில் ஏறி நடந்தால் அவர் எடைக்கே வலை தண்ணீருக்குள் இறங்கிவிடும். சில நிமிடம் கழித்து நான்கைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுப்பார்கள், கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து மேடையில் உட்கார உட்கார வலை மேலே எழும். எந்திரம் எதுவும் இல்லை, எல்லாமே எடைக்கு எடை வைக்கும் கணக்குதான். உங்களையும் இழுக்கக் கூப்பிடுவார்கள், போய் இழுங்கள், நன்றாக இருக்கும். முடிந்ததும் பணம் எதிர்பார்ப்பார்கள். அது நியாயம்தான், ஏனென்றால் மீன்வரத்து குறைந்துபோய் வலைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று நீங்கள் இருவரும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காலைச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, ஆட்டோவில் பத்து மணிக்கு மட்டாஞ்சேரி. ஆட்டோ பேசும்போதே "வழியில் எந்தக் கடைக்கும் போகவேண்டாம், நேராக அரண்மனை" என்று சொல்லிவிடுங்கள். கமிஷனுக்காகக் கைவினைக் கடைகளில் கொண்டுபோய் நிறுத்துவது இங்கே சாதாரணம்.

அரண்மனை வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. முகப்பைப் பார்த்து ஏமாந்து பத்து நிமிடத்தில் திரும்பிப் போகிறவர்கள் உண்டு, அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் போர்ச்சுகீசியர்கள் கட்டிக் கொச்சி அரசருக்குக் கொடுத்தது இது. 1663-இல் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு பழுதுபார்த்தார்கள், அதனால்தான் டச்சு அரண்மனை என்றே பெயர் நிலைத்துவிட்டது. உள்ளே அரசரின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணம் முழுக்க ஓவியமாக இருக்கிறது. ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவே இடைவெளியே விடாமல், காவியும் பச்சையும் மஞ்சளுமாக நெருக்கி நெருக்கி வரைந்திருக்கிறார்கள். கண் பழகக் கொஞ்சம் நேரமாகும், பழகிய பிறகுதான் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பிடிபடும். படம் எடுக்க அனுமதி இல்லை, ஆகவே போனைப் பைக்குள் வைத்துவிட்டு நின்று பாருங்கள்.

அங்கிருந்து ஜெப ஆலயம் நடக்கிற தூரம். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை மூடிவிடுவது வழக்கம், எனவே பன்னிரண்டுக்குள் உள்ளே இருக்கப் பாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும். 1568-இல் கட்டியது, மணிக்கூண்டு மட்டும் 1760-இல் சேர்த்தது. எல்லோரும் அண்ணாந்து தொங்குவிளக்குகளைப் பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து தரையைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த வெள்ளைப் பீங்கான் ஓடுகள், ஒவ்வொன்றிலும் நீல நிறத்தில் கையால் வரைந்த படம். தூரத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும், உட்கார்ந்து பார்த்தால் கிளையின் வளைவும் பூவின் இதழும் ஓட்டுக்கு ஓடு மாறும். வெளியே ஜூ டவுன் தெருவில் பழம்பொருள் கடைகளும் மசாலாக் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. ஏலக்காய், மிளகு வாங்கலாம். "இருநூறு வருஷப் பழசு" என்று சொல்லித் தருகிற எதையும் பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இப்போது நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் எங்கேயும் போகாதீர்கள். கடலோர ஊரின் வெயிலைவிட அதன் புழுக்கம்தான் ஆளைத் தின்னும். வியர்வை உலரவே உலராது, இரண்டு பேருக்கும் எரிச்சல் வரும், எந்த ஆட்டோவை அழைப்பது என்பதற்கெல்லாம் சண்டை வரும். ஒரு நாள் பயணம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டிலிருந்து நான்கு வரையிலான நேரத்தில்தான். ஃபோர்ட் கொச்சியில் வீடுகளையே தங்கும் அறைகளாக மாற்றிய ஹோம்ஸ்டேக்கள் நிறைய உண்டு, பகலில் சில மணி நேரத்துக்குத் தருவார்களா என்று முன்பே பேசிவிடுங்கள். குளித்து, கொஞ்சம் படுத்து எழுந்தால் மாலை உங்களுடையது. கூடுமானவரை நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். ஜூன், ஜூலை மழையில் படகுப் பயணமே சங்கடமாகிவிடும்.

நான்கு மணிக்குப் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் முதலில் மரத்தால் எழுப்பிய தேவாலயம் இது. வாஸ்கோ ட காமா 1524 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்தார், இங்கேதான் புதைத்தார்கள். பிறகு எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கல் மட்டும் இருக்கிறது. கூரையிலிருந்து தொங்கும் துணி விசிறிகளையும் பாருங்கள், வெளியே நின்று ஆள் கயிறு இழுத்து ஆட்டியவை. நேரம் இருந்தால் வெளி என்ற பகுதியில் இருக்கும் டோபி கானா என்ற சலவைக்கூடத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்க வந்து சேர்ந்த வண்ணார் குடும்பங்கள் அங்கே தலைமுறைகளாக இருக்கிறார்கள், தமிழ் பேசுவார்கள். துணி காயப்போட கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் நுனியைச் செருகிவிடுகிறார்கள். பட்டியலில் யாரும் எழுதாத இடம், ஆனால் நமக்குப் போய் நாலு வார்த்தை பேசாமல் வர மனசு வராது. வேலை செய்கிற இடம் அது, கேட்டுவிட்டுப் படம் எடுங்கள்.

அடுத்து வருவது கஷ்டமான தேர்வு. ஃபோர்ட் கொச்சியின் கதகளி மையங்களில் ஐந்து மணி வாக்கில் ஒப்பனை தொடங்கும், ஆறு மணி வாக்கில் ஆட்டம். அதே நேரத்தில்தான் சூரியனும் மறைகிறது. நவம்பரில் ஆறு மணிக்கே விழுந்துவிடும், ஜூலையில் ஆறே முக்காலைத் தாண்டும். இரண்டையும் முழுதாகப் பார்க்க முடியாது. பலரும் கதகளியைத்தான் சொல்வார்கள், நான் உங்களுக்குச் சொல்வது வேறு: ஒப்பனையை மட்டும் பாருங்கள். நடிகர் பாயில் மல்லாந்து படுத்திருக்க, ஒருவர் தலைமாட்டில் உட்கார்ந்து தாடையைச் சுற்றி அரிசிமாவுக் குழம்பால் வெள்ளை விளிம்பை ஒட்டவைப்பார், அவசரமே இருக்காது. அதைப் பார்த்துவிட்டு, ஆட்டம் தொடங்குவதற்கு முன் எழுந்து கடற்கரைக்கு வந்துவிடுங்கள். டிக்கெட் பணம் முழுதாகக் கொடுத்திருப்பீர்கள், பரவாயில்லை. காலையெல்லாம் அவருக்காக நடந்திருக்கிறீர்கள், இந்த நேரம் உங்களுக்கு. சென்னையிலும் புதுச்சேரியிலும் கடலிலிருந்து சூரியன் உதிப்பதைத்தான் பார்க்கிறோம், கடலுக்குள் இறங்குவதை இந்த மேற்குக் கரையில் பார்க்கலாம். மணல் குறைவு, கடல் அரிப்பு நிறையவே தின்றுவிட்டது, குளிக்க ஏற்ற கடற்கரை இல்லை. நடைபாதையில் உட்கார்வதற்கு அருமையான இடம்.

திரும்பும்போது ஒரு எச்சரிக்கை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையில் இறங்கும்போதே துறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிறு மாலை டிக்கெட் வரிசையும் நீளம். படகு தவறினால் சாலை வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டும். அந்த நேரத்தில் பாலங்களில் வண்டிகள் நகரவே நகராது, ரயில் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். உங்கள் ரயில் எர்ணாகுளம் ஜங்ஷனா, டவுனா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இரண்டும் வேறு வேறு ஸ்டேஷன். பெட்டி கிளோக் ரூமில் இருப்பதால், ரயில் ஏறுகிற ஸ்டேஷனிலேயே காலையில் பெட்டியைப் போடுவது நல்லது.